ஸ்கேலம்மாவின் கறுப்புப் பெட்டி

தையல் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் ஸ்கேலம்மா. பஸ்ஸில் அது பக்கத்து சீட்டுக்காரரின் விலாவில் குத்தியதும் உண்டு. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே மூச்சில் அவருடைய சட்டையின் தோள் தையல் பின்னால் தள்ளிப் போயிருக்கிறது என்று சொன்னதும் உண்டு.

அவள் தைப்பவள் அல்ல. தைப்பதற்கு முன்னால் வெட்ட வேண்டும், வெட்டுவதற்கு முன்னால் வரைய வேண்டும். அந்த வரைகிற வேலை அவளுடையது. தொழிற்சாலை ஆட்கள், காவலாளிகள், பள்ளிப் பிள்ளைகள் என்று கூட்டமாக உடுத்துகிறவர்களின் சீருடைக்கு வெட்டு வரைபடம் போடுவாள். ஒரு சட்டையை நடுத்தர அளவில் வரைந்து, நோஞ்சான் ஆளிலிருந்து ஆறடி ஆள் வரைக்கும் எல்லா அளவுகளுக்கும் அதைப் பெருக்கித் தருவாள். ஆரம்பத்தில் பழுப்பு அட்டையில் கத்தரிக்கோலோடு செய்தது. பிறகு கணினிக்கு மாறினாள். கூடத்தில் இருந்த மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே மாறிவிட்டாள். யோசிப்பது அவளுக்கு ஒத்துவராது. செய்து பார்த்துக் கெடுத்து, கெட்டதைச் சரிசெய்வதுதான் அவள் கற்றுக்கொள்கிற முறை.

அந்தக் கணினி வீட்டின் பின்னறையில், ஜன்னலோரம் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். கறுப்பாக, கனமாக, வேலை செய்யும்போது லேசாக முனகிக்கொண்டு. வரைபட மென்பொருள் அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான் திறக்கும். பெட்டியின் முதுகில் கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. சாவி ஒன்று சொருகியிருக்கிறது; சாவியும் பெட்டியும் ஜோடியாகப் பதிவானவை. சாவியைப் பிடுங்கி மடிக்கணினியில் சொருகினால், நீ யார் என்று கேட்கும். விற்ற கம்பெனியே இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டதால் மாற்றித் தரவும் ஆளில்லை. ஒருமுறை அந்தப் பெட்டியை முன்னறையிலிருந்து பின்னறைக்கு நகர்த்தியதற்கே ஒரு வாரம் முரண்டு பிடித்தது.

இப்படியிருக்கும்போதுதான் வேறு ஊரிலிருந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், தானாக நடக்கும்வரை கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இருக்க வேண்டிய அந்த ஒருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகமெல்லாம் வேலையைப் பற்றித்தான். கூடத்துக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது: ரொட்டித் தொழிற்சாலை ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு. கட்டிங் மாஸ்டர் போனில் இழுத்தார்.

"போயிட்டு வாங்க ஸ்கேலம்மா, வேணாங்கல. ஆனா இது அவசர வேலை. அளவுல ஏதாவது மாத்தணும்னா உடனே மாத்தணும். புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, கம்ப்யூட்டர்ல சூரப்புலியாம். அவருகிட்ட..."

"வேலை நின்னா அவருகிட்ட குடுங்க மாஸ்டர். நிக்காது."

"ஊர்ல இல்லாம எப்படிம்மா நிக்காது?"

"நான்தான் ஊர்ல இருக்கமாட்டேன். பெட்டி இருக்கும்ல?"

சொல்லிவிட்டாள். எப்படி என்பதை அதற்குப் பிறகுதான் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். தூரத்திலிருந்து கணினியை இயக்குகிற இலவசச் செயலி ஒன்றை முதலில் போட்டாள். நீ இதைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை, சம்பாதிக்கிறாய் என்று அது மோப்பம் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கொரு தடவை துண்டித்தது. "போடா" என்று அதைத் தூக்கிவிட்டு, ரௌட்டருக்குள்ளேயே சும்மா கிடந்த வி.பி.என். வசதியை எழுப்பினாள். வெளியிலிருந்து வீட்டுக்குள் வர ஒரு பூட்டிய வழி. அதற்கு நீளமான கடவுச்சொல். கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாகவே எழுந்துகொள்ளும்படியும் செய்துவைத்தாள். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியை மொபைல் டேட்டாவில் இணைத்து, வீட்டு இணைப்புக்கு நெட் கம்பெனி கொடுத்திருக்கும் ஐ.பி. நம்பரைத் தட்டிப் பார்த்தாள். பின்னறைப் பெட்டியின் திரை மடியில் விரிந்தது. திருப்தியாக எழுந்து போய் ரயில் டிக்கெட் போட்டாள்.

அக்கா வீட்டில் முதல் நாள் எல்லாம் பிரமாதமாக நடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்கு மேசையைப் போட்டு, வெள்ளைக் கோட்டின் முன்பாகத்தைத் திறந்தாள். அக்கா தலையணையில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, வீட்டையே சுருட்டிக் கொண்டு வந்துட்டியா?"

"பின்னறைய மட்டும்."

"அப்ப உன் புருஷன விட்டுட்டு வந்துட்ட."

மறுநாள் காலை பின்னறை வரவில்லை. தட்டினாள், தட்டினாள், அந்த நம்பரில் யாரும் இல்லை என்றது.

அவளுக்கு உடனே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கணவர் லிஃப்ட் பராமரிக்கிற மெக்கானிக். சப்ளையை வெட்டாமல் எதிலும் கை வைக்காதவர். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது; வெளியே போகும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். ஃபிரிட்ஜில் பால் திரிந்து, ஐஸ் உருகி, கல்யாணமான நாளிலிருந்து இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். திட்டை வாங்கிக்கொண்டே இறக்குவார்.

"மெயினை இறக்கினீங்களா?"

"கடைக்குப் போனேன். பூட்டிட்டுத்தான போகணும்."

"பூட்டுங்க. இறக்காதீங்க. ரௌட்டர் அணைஞ்சு எழுந்தா நம்பர் மாறிடும். இப்ப என்ன நம்பர்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் போய்ப் பார்த்துவிட்டு, மாடி எண்ணை அறிவிக்கிற தோரணையில் ஒரு நம்பர் சொன்னார். அதைப் போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, ரௌட்டரின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கிறதே என்றார்.

"அது வீட்டுக்குள்ள மட்டும் செல்லுற நம்பருங்க. எல்லா வீட்டு ரௌட்டர்லயும் அதேதான் ஒட்டியிருக்கும்."

"அப்ப எதுக்கு அவ்வளவு பெருசா ஒட்டியிருக்கான்?"

பெட்டியின் திரையில் நம்பரைக் காட்டும் பக்கம் ஒன்றைத் திறக்க வைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் புது நம்பர் வரும் என்று சொல்லிக்கொடுத்து, ஒருவழியாக உள்ளே போனாள். இனி மெயினைத் தொடமாட்டேன் என்று அவரும் வாக்குக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து நம்பர் மறுபடியும் மாறியது.

"நான் தொடவே இல்ல," என்றார் அவர், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே. "நடையில அந்தப் பக்கமே போகல. எதிர்ச் சுவத்த ஒட்டிப் போறேன்."

உண்மைதான். நெட் கம்பெனிக்குப் போன் செய்தபோது, வீட்டு இணைப்புக்கு நம்பர் அவ்வப்போது மாறத்தான் செய்யும், மாறாத நம்பர் அலுவலக இணைப்புக்கு மட்டும்தான் என்று ஒரு பெண் குரல் பாடம் ஒப்பித்தது. செய்யாத குற்றத்துக்குக் கணவரைச் சந்தேகப்பட்டது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ரொம்ப உறுத்தவில்லை, செய்த குற்றங்கள் பாக்கியிருந்தன.

"ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன ஓட வைப்பியா?" என்றாள் அக்கா. "எங்க எக்ஸ்சேஞ்சில என்குவைரின்னு ஒண்ணு இருந்தது. யாரோட நம்பர் மாறினாலும் எங்களுக்குச் சொல்லிடுவாங்க. வெளியாளுக்கு நம்பர் தெரிய வேணாம். ஆளு பேரச் சொன்னாப் போதும்."

"அதேதான்க்கா, நெட்லயும் இருக்கு. இப்பத்தான் படிச்சிட்டிருக்கேன். நமக்குன்னு ஒரு பேரு பதிஞ்சு வெக்கணும். நம்பர் மாறும்போதெல்லாம் ஒரு சின்ன புரோகிராம் போய் அங்க சொல்லிடும். நான் பேரத் தட்டினாப் போதும்."

"என்ன பேரு வெக்கப் போற?"

ஸ்டீல்ஸ்கேல் என்று கேட்டாள். வேறு யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அக்காவின் யோசனைகள் எல்லாம் அண்டை வீட்டார் கேட்கக்கூடாதவை. கடைசியில் கறுப்புப்பெட்டி என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். அப்படியொரு பெயரை உலகத்தில் யாரும் விரும்பியிருக்கவில்லை, கிடைத்தது. புரோகிராமை இறக்கிப் போட்டாள். நம்பரைச் சொல்லியாகிவிட்டது, எல்லாம் சரி என்று பச்சை டிக் வந்தது. அதற்குள் அக்காவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் வாசல் மணியை அடித்தார். மடிக்கணினியை மூடினாள். பச்சை டிக்கைப் பார்த்த பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை மாஸ்டர் கூப்பிட்டார். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க மாவு பிசைந்தவர் போல குரலில் ஒரு களைப்பு.

"சாம்பிள் கோட்டைப் போட்டுப் பாத்தாங்கம்மா. தட்டைத் தூக்கி மேல் அடுக்குல வெக்கக் கையைத் தூக்கினா கோட்டு மொத்தமும் இடுப்புக்கு மேல ஏறுதாம். கைக்குழியை எறக்கிக் குடுங்க. மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் வெட்டறதுக்குத் துணியை விரிக்கப்போறோம்."

"எறக்கினா இன்னும் மோசமாகும் மாஸ்டர். கை தைக்கிற குழி தாழ்ந்திருந்தா கையோட சேந்து உடம்புத் துணியும் இழுபடும். ஏத்தணும். அக்குளுக்குக் கிட்ட கொண்டுபோகணும். கோட்டுக் கைக்கு வெட்டுற துண்டோட மேல் வளைவையும் தணிச்சு அகலமாக்கிடறேன்."

"எதுவோ பண்ணுங்க. மத்தியானத்துக்குள்ள வேணும். இல்லன்னா அந்த சூரப்புலிகிட்டதான்... நீங்க பேசாம ராத்திரி வண்டியப் புடிச்சு வந்துருங்களேன்."

"மத்தியானம் வரும். நான் வரமாட்டேன்."

கறுப்புப்பெட்டி என்று தட்டினாள். வழி திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். கடைசியாகக் கணவர் சொன்ன நம்பரைத் தட்டினாள், அதுவும் மாறிப்போயிருந்தது. பச்சை டிக் மட்டும் மூலையில் சிரித்துக்கொண்டிருந்தது.

அக்கா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளால் கழிப்பறைக்குக்கூடத் தனியாகப் போக முடியாத நிலை. "நீ கிளம்புடி," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒரு நர்ஸ வெச்சுக்கறேன்."

"நர்ஸ் ரெண்டே நாள்ல ஓடிடுவா. பேசாம படு."

கணவருக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் காற்று கிணற்றுக்குள் போல ஊதியது.

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்டு கூண்டு மேல. மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல."

"வீட்டுக்குப் போய் நம்பர் பாக்கணும். இப்பவே."

"எறங்க விடு." அவ்வளவுதான் சொன்னார். எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. கீழேயிருந்த ஆளிடம் எதையோ கத்துவது கேட்டது. சிறிது நேரத்தில், மூச்சு வாங்க, பின்னறையிலிருந்து பேசினார். நம்பரைச் சொன்னார். அவள் குறித்துக்கொள்ளக்கூட இல்லை, நேராகத் தட்டினாள். வெள்ளைக் கோட்டின் முதுகு திரையில் வந்து நின்றது.

காரணம் தேடாமல் வேலையில் இறங்கினாள். கைக்குழியின் அடியை ஒரு விரற்கடை மேலே ஏற்றினாள். வளைவை முன்னால் கொஞ்சம் குடைந்தாள். கைத்துண்டின் தலையைத் தணித்து, இரண்டு பக்கமும் அகலம் கொடுத்து, குழியின் சுற்றளவும் கையின் சுற்றளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று அளந்தாள். ஒரு அளவில் மாற்றியதை எல்லா அளவுகளுக்கும் பரப்புவதுதான் அந்தப் பழைய பெட்டியின் சாமர்த்தியம். நோஞ்சான் கோட்டிலிருந்து ஆறடிக் கோட்டு வரை கைக்குழிகள் வரிசையாக நிமிர்ந்துகொண்டன. நடுவில் அக்காவைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்தாள். வெட்டு வரைபடத்தைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான், அந்தப் பச்சை டிக்கை ஒரு கை பார்ப்பது என்று உட்கார்ந்தாள்.

கறுப்புப்பெட்டி என்ற பெயருக்கு நேராக எந்த நம்பர் இருக்கிறது என்று பார்த்தாள். கணவர் சொன்ன நம்பர் அது இல்லை. பழைய நம்பர்களில் ஒன்றும் இல்லை. ஒரு சந்தேகத்தில், தான் உட்கார்ந்திருக்கும் அக்கா வீட்டு இணைப்பின் நம்பரைப் பார்த்தாள். அப்படியே அச்சு அசலாக அதுதான்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நம்பர் சொல்கிற புரோகிராமை வீட்டுப் பெட்டியில் போடாமல், கண்ணெதிரே இருந்த மடிக்கணினியில் போட்டிருக்கிறாள். அது அது பாட்டுக்கு விசுவாசமாக, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அக்கா வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. காலையிலிருந்து அவள் தட்டிக்கொண்டிருந்தது அக்கா வீட்டுக் கதவை.

விஷயத்தைக் கேட்ட அக்காவுக்குச் சிரித்தால் இடுப்பு வலித்தது. "ஐயோ, என்னைச் சிரிக்க வெக்காதடி... ஊருக்குப் போனவகிட்ட போய், வீடு எங்க இருக்குன்னு கேட்டு வெச்சிருக்க."

"அவ எங்க போனாலும் அதான் வீடுன்னு சொல்லியிருப்பா."

"எங்க சூப்பர்வைசர் கையில கெடைச்சிருந்தா உன்ன ஹெட்போனோட தொங்கவிட்டிருப்பாரு."

"சரி, சரி. நீ இடுப்பைப் புடிச்சுக்க."

மடிக்கணினியிலிருந்து புரோகிராமைக் கழற்றினாள். வீட்டுப் பெட்டிக்குள்ளேதான் இப்போது இருக்கிறாளே. இங்கிருந்தபடியே அங்கே அதைப் போட்டாள். பெட்டி எழும்போதெல்லாம் அதுவும் கூடவே எழ வேண்டும் என்று வைத்தாள். டிக் வந்தது. இந்தத் தடவை அவள் டிக்கை நம்புவதாக இல்லை. கணவர் இன்னும் பின்னறையில்தான் இருந்தார். ஓடி வந்த களைப்புக்கு ஏதோ சூடுபண்ணிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வேலை செய்யுங்க. மெயினை எறக்குங்க."

மறுமுனையில் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது. இன்னொரு தடவ சொல்லு."

"மெயின் சுவிட்சை எறக்குங்கன்னேன்."

"நீதான் பேசறியா? உங்கக்கா பக்கத்துல இருந்தா போனை அவங்ககிட்ட குடு, கேட்டுக்கறேன். நாளைக்கு நான்தான் எறக்கினேன்னு சொல்லுவ."

"சாட்சிக்கு நான் இருக்கேன், தம்பி," என்று அக்கா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள். "தைரியமா எறக்குங்க."

அவர் இறக்கிய சத்தம் போனிலேயே கேட்டது. அவ்வளவு திருப்தியான ஒரு சத்தத்தை அவள் அந்தச் சுவிட்சிலிருந்து கேட்டதில்லை. திரை இருண்டது. கொஞ்சம் பொறுத்து ஏற்றச் சொன்னாள். ரௌட்டர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதை அவர் நேர்முக வர்ணனை செய்தார். பெட்டி முனக ஆரம்பித்துவிட்டது என்றார். திரையில் நம்பர் மாறிவிட்டது, படிக்கட்டுமா என்றார்.

"வேணாம். எனக்குச் சொல்லாதீங்க."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு பெயரை மட்டும் தட்டினாள். வழி திறந்தது, கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். வெள்ளைக் கோட்டு அதே முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. பின்னறைத் திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்து, "வந்துட்ட," என்றார் அவர். "அப்ப நான் லிஃப்டுக்குப் போறேன். அங்க ஒருத்தரு நாலாவது மாடி வரைக்கும் நடந்துட்டிருப்பாரு."

"போங்க. மெயினை எறக்காம போங்க."

"அதானே பாத்தேன்."

சாயங்காலம் மாஸ்டர் கூப்பிட்டார். புதுக் கைக்குழியில் ஒரு கோட்டைத் தைத்து, கூடத்திலேயே உயரமான ஆளுக்கு மாட்டி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கோட்டு நின்ற இடத்தில் நின்றதாம். "துணியை விரிச்சாச்சு," என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல, "கால்சட்டையும் இருக்கு. எப்ப ஊருக்கு வர்றீங்க?"

"அக்கா நடக்கட்டும் மாஸ்டர். கால்சட்டைக்கு இடுப்பளவு அனுப்புங்க."

கால்சட்டை முடிந்தது. காவலாளிகளின் மழைக்கோட்டு ஒன்று வந்து, அதுவும் முடிந்தது. நம்பர் எத்தனை தடவை மாறியதோ, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. கணவர் சில நாள் மறதியில் மெயினை இறக்கிவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்து ஏற்றும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவள் அக்காவின் காலை மடக்கி நீட்டிவிட்டாள். அக்கா அலறினாள், திட்டினாள், எக்ஸ்சேஞ்சு காலத்து வசைகளில் புதியவற்றை நினைவுபடுத்திச் சொன்னாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாக்கர் என்று நாட்கள் போயின.

ஒரு முற்பகல், அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரும் சொல்லாமலே அறையை விட்டு நடைக்கு வந்தாள். சமையலறை வரைக்கும் போவதாகத் திட்டம். ஸ்கேலம்மா பின்னால் போனாள். தொடவில்லை, கைகளை மட்டும் இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தாள்.

"கோழி புடிக்கிற மாதிரி வராதடி. எனக்குக் கூச்சமா இருக்கு."

"நட, நட. பேசினா தடுமாறுவ."

"பேசாம நடந்து எனக்குப் பழக்கமில்ல."

நடையின் பாதியில் அறைக்குள் போன் அடித்தது. அந்த நேரத்துக்கு மாஸ்டராகத்தான் இருக்கும். அக்கா நின்றாள்.

"போய் எடு. வேலை போயிடப்போவுது."

"எங்கயும் போகாது. அடிக்கட்டும்."

"நான் வேணா இங்கயே நிக்கறேன்."

"நிக்கச் சொல்லல. நடக்கச் சொன்னேன்."

போன் அடித்து ஓய்ந்தது. வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் ஒட்டி, விட்டு, ஒட்டின. சமையலறை வாசலில் அக்கா ஒரு கையை எடுத்துக் கதவு நிலையைப் பிடித்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கழுவாமல் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா என் சமையலறைய இப்படியா வெச்சிருக்க?"

"பாத்துட்டியா? சரி, திரும்பு. இப்ப கட்டில் வரைக்கும்."

போன் மறுபடி அடித்தது. அக்கா வாக்கரைத் தூக்கித் திருப்பி வைத்து, முதல் அடியை எடுத்தாள்.